கூட்ஸ் வண்டிப் பாட்டி



மலர்க்குழுவினர் கடிதம் எழுதியிருந்தார்கள். "சார், பழைய ஞாபகங்களை எல்லாரும் எழுதுகிறார்கள். நீங்கள் வரலாறு படித்தவர். வரலாற்றுக் கட்டுரையாக ஒன்று கொடுங்கள்" என்று கேட்டிருந்தார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவன் நான். அசோகரையும் அக்பரையும் இந்த வயதில் மறுபடியும் உங்கள் மேல் ஏவிவிட எனக்கு மனமில்லை. ராஜாக்கள் கதை போதும். இந்த முறை, வீட்டு வேலை செய்து பிழைத்த ஒரு பாட்டியின் வரலாற்றைச் சொல்கிறேன். கடைசியில் நம் விடுதிச் சங்கதி ஒன்றும் வரும். சொல்லப்போனால், அதைச் சொல்வதற்காகத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வருகிறேன்.

விஷயம் தொடங்கியது என் பேரனால். அவன் கிடார் வகுப்புக்குப் போகிறான். ஒரு வாரமாகச் சாயங்காலம் ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தான். கட்டைவிரல் ஒரு பக்கம் 'டும், டும்' என்று தாளம் போட்டுக்கொண்டிருக்க, மற்ற விரல்கள் அதன்மேல் ஒரு பாட்டை வாசித்துக்கொண்டிருந்தன. கேட்கக் கேட்க அது காதிலேயே தங்கிவிட்டது.

"என்னடா பாட்டு இது?" என்றேன்.

"'ஃபிரெய்ட் டிரெயின்' தாத்தா. கூட்ஸ் வண்டிப் பாட்டு. கிடார் கத்துக்கிறவங்க ஆரம்பத்துல இதைத்தான் வாசிப்பாங்க."

"யார் போட்டது?"

"யாரோ... பழைய பாட்டு தாத்தா."

இந்த 'யாரோ' என்கிற சொல் வரலாற்று வாத்தியாருக்கு ஆகாது. தேடிப் படித்தேன். அந்த 'யாரோ'வுக்கு ஒரு பெயர் இருக்கிறது. எலிசபெத் காட்டன். அந்தப் பாட்டைக் கட்டியபோது அவருக்குப் பதினொன்று, பன்னிரண்டு வயது. உலகம் அவரை அறிந்தபோது அறுபதைத் தாண்டிவிட்டார். நடுவில் என்ன நடந்தது என்பதுதான் நான் சொல்ல வந்த வரலாறு.

தனக்குத் தானே பெயர் வைத்த சிறுமி

அமெரிக்காவின் தென்கிழக்கில் வட கரோலினா மாநிலம். அங்கே சேப்பல் ஹில் என்று ஒரு கல்லூரி நகரம். அதை ஒட்டியே, இன்று கார்பரோ என்று வழங்கும் சிற்றூர். அங்கே ஒரு கறுப்பினக் குடும்பத்தில் 1893 ஜனவரி 5 அன்று, ஐந்து பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்தவர் எலிசபெத். அமெரிக்காவில் அடிமை முறை 1865-லேயே சட்டப்படி ஒழிந்துவிட்டது. ஆனாலும் தென் மாநிலங்களில் கறுப்பின மக்களுக்குப் பள்ளிக்கூடம் தனி, ரயில் பெட்டி தனி, எல்லாமே தனி என்று ஆக்கி வைத்திருந்த காலம் அது.

வீட்டில் அந்தக் குழந்தைக்குப் பெயரே வைக்கவில்லை போலிருக்கிறது. 'குட்டித் தங்கச்சி' என்கிற மாதிரிதான் கூப்பிட்டார்கள். முதல் நாள் பள்ளிக்கூடம் போனபோது ஆசிரியர் பெயரைக் கேட்டார். குழந்தை கொஞ்சமும் தயங்காமல் 'எலிசபெத்' என்று சொல்லிவிட்டது. அன்றிலிருந்து அதுவே பெயர். இந்தச் சம்பவத்தை நண்பர்கள் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். தன் பெயரைத் தானே வைத்துக்கொண்ட அதே பெண்ணின் பெயரைப் பின்னாளில் அவர் பாட்டிலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

பள்ளிக்கூடமும் நீடிக்கவில்லை. ஒன்பது வயதில் படிப்பு நின்றது. வீட்டு வேலைக்குப் போக வேண்டியதாயிற்று. ஊருக்கு நடுவில் இருக்கிற பல்கலைக்கழகம் சாதாரணமானது அல்ல. அமெரிக்க அரசுப் பல்கலைக்கழகங்களில் முதன்முதலாக மாணவர்களைச் சேர்த்து வகுப்பு நடத்தியது அதுதான், ஆண்டு 1795. ஆனால் கறுப்பின இளநிலை மாணவர்கள் அங்கே காலடி வைக்க 1955 வரை ஆயிற்று, அதுவும் நீதிமன்ற உத்தரவின் பேரில். அப்போது எலிசபெத்துக்கு 62 வயது! வாசலிலேயே கல்லூரி, உள்ளே போக வழியில்லை. நம்மில் எத்தனையோ பேர் குடும்பத்தில் முதல் முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். இதன் கனம் நமக்குத் தெரியும்.

தலைகீழ் வாத்தியம்

அண்ணனிடம் ஒரு பான்ஜோ இருந்தது. வட்டமான சட்டத்தில் தோல் இழுத்துக் கட்டி, நீண்ட கழுத்து வைத்த வாத்தியம். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வாத்தியத்திலிருந்து பிறந்தது. அண்ணன் வெளியே போனதும் தங்கச்சி அதை எடுத்துவிடுவாள். கம்பி அறுந்தால் வசவு. அடுத்த நாளும் எடுப்பாள்.

இதில் ஒரு சிக்கல். அவள் இடக்கைக்காரி. வாத்தியமோ வலக்கைக்காரருக்காகக் கம்பி கட்டியது. அண்ணனுடைய வாத்தியத்தில் கம்பியை மாற்றிக் கட்ட முடியுமா? அப்படியே திருப்பிப் பிடித்துக்கொண்டாள். பிறகு கிடார் வந்தபோதும் அதே பிடிதான்.

இந்த நுட்பத்தைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். வழக்கமாக இந்த வகை வாசிப்பில் கட்டைவிரல் தடித்த கம்பிகளில் மந்திர ஸ்தாயியைப் பார்த்துக்கொள்ளும். மற்ற விரல்கள் மெல்லிய கம்பிகளில் பாட்டை வாசிக்கும். கட்டைவிரல் தவில் என்றால் மற்ற விரல்கள் நாயனம். எலிசபெத் கிடாரைத் திருப்பிப் பிடித்ததால் எல்லாம் இடம் மாறிவிட்டது. விரல்கள் தவில், கட்டைவிரல் நாயனம்! சொல்லிக் கொடுக்க ஒருவர் இருந்திருந்தால் முதல் நாளே "தப்பாகப் பிடிக்கிறாய்" என்று கையைத் தட்டிவிட்டிருப்பார். சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாததால் ஒரு புது பாணியே பிறந்தது. இன்றைக்கும் கிடார் உலகத்தில் அந்த வாசிப்புக்கு 'காட்டன் பாணி' என்றுதான் பெயர்.

அண்ணன் வீட்டை விட்டுப் போனதும் பான்ஜோவும் போயிற்று. வீட்டு வேலையில் அவளுக்குக் கிடைத்தது மாதம் ஒரு டாலருக்கு மிஞ்சாத சம்பளம். அதைச் சேர்த்து வைத்து ஒரு கிடார் வாங்கினாள். விலை 3 டாலர் 75 சென்ட். 'ஸ்டெல்லா' என்கிற மலிவு வகை. பல மாதச் சம்பளம் அந்த ஒரு வாத்தியத்தில் போயிற்று.

வீட்டுப் பக்கத்திலேயே ரயில் தண்டவாளம். கூட்ஸ் வண்டிகள் போகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வளர்ந்த பெண். அந்தச் சத்தத்தின் மேல் கட்டிய பாட்டுதான் 'ஃபிரெய்ட் டிரெயின்'. இன்னொரு பாட்டுக்கும் ஒரு கதை உண்டு. பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட அக்கம்பக்கத்துப் பெண்மணி ஒருவர், அவள் செய்யாத குற்றத்தை அம்மாவிடம் போட்டுக் கொடுத்துவிட்டார். தண்டனை கிடைத்தது. அன்று ராத்திரி படுக்கையில் கிடந்தபடி, 'நான் சொல்வது பொய் இல்லை' என்கிற கருத்தில் மெதுவாக ஒரு பாட்டைக் கட்டினாள். பிற்பாடு அந்தப் பெண்மணியே அந்தப் பாட்டை ரசித்தாராம், அது தன்னைப் பற்றித்தான் என்று தெரியாமலே!

நாற்பது வருஷம்

1910-இல் கல்யாணம். ஃபிராங்க் காட்டன் என்பவரை மணந்து எலிசபெத் காட்டன் ஆனார். ஒரு பெண் குழந்தை. சர்ச்சில் பெரியவர்கள் சொன்னார்கள்: "தேவனைப் பாடு; இந்த உலகப் பாட்டெல்லாம் வேண்டாம்." குடும்பம், வேலை, சர்ச். கிடாரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வைத்தார். எப்போதாவது சர்ச்சில் வாசித்ததைத் தவிர, ஏறத்தாழ நாற்பது வருஷம் அது கீழேயே இருந்தது.

இந்த நாற்பது வருஷத்தைப் பற்றி எழுதுவதற்கு எந்த வரலாற்று ஆசிரியருக்கும் ஆவணம் கிடைக்காது. என்ன ஆவணம் இருக்கும்? துவைத்த துணிக்கும் துலக்கிய பாத்திரத்துக்கும் யார் கணக்கு எழுதி வைத்தார்கள்? மகளுக்குக் கல்யாணம் ஆனது. கணவரிடமிருந்து விவாகரத்து ஆனது. மகளோடு வாஷிங்டன் நகரத்தில் குடியேறினார். இரண்டே வரியில் முடிந்துவிடுகிறது. நம்மில் ஒவ்வொருவரும் இருபது வயதில் கீழே வைத்த ஏதோ ஒன்று இருக்கிறது. சிலருக்குப் புல்லாங்குழல், சிலருக்குக் கவிதை நோட்டு, சிலருக்குக் கால்பந்து. 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று வைத்தோம். எலிசபெத் காட்டனும் அப்படித்தான் வைத்திருந்தார்.

தொலைந்துபோன சிறுமி

1940-களின் பிற்பாதி. வாஷிங்டனில் லான்ஸ்பர்க்ஸ் என்கிற பெரிய துணிக்கடை. பலமாடிப் பலசரக்கு மாளிகை என்றே வைத்துக்கொள்ளுங்கள். காட்டன் அங்கே வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் கூட்டத்தில் ஒரு சிறுமி தாயைப் பிரிந்து தவித்துக்கொண்டிருந்தாள். அவளைச் சமாதானப்படுத்தித் தாயிடம் கொண்டு சேர்த்தார். அந்தத் தாய்க்கு இவரைப் பிடித்துப்போயிற்று. "எங்கள் வீட்டில் வேலைக்கு வருகிறீர்களா?" என்று கேட்டார்.

வந்து சேர்ந்த வீடு எந்த வீடு தெரியுமா? தாயின் பெயர் ரூத் கிராஃபோர்ட் சீகர். பெரிய இசையமைப்பாளர். 1930-இல் இசையமைப்புக்காக குகன்ஹைம் உதவித்தொகை பெற்ற முதல் பெண். கணவர் சார்ல்ஸ் சீகர் இசை ஆராய்ச்சியாளர். சார்ல்ஸின் முதல் மனைவி மகன்தான் உலகப் புகழ் பெற்ற பாடகர் பீட் சீகர். தொலைந்துபோன சிறுமி பெக்கி, அவள் அண்ணன் மைக் ஆகிய இருவரும் பின்னாளில் பெயர் பெற்ற நாட்டுப்புறப் பாடகர்கள் ஆனார்கள். அந்த வீட்டில் சுவரெல்லாம் வாத்தியம். சங்கீதம் ஓயாத வீடு.

ஊர் ஊராகப் போய்ச் சேகரித்த நாட்டுப்புறப் பாடல்களின் ஒலித்தட்டுகள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருந்தன. ரூத் அம்மையார் அவற்றைக் கேட்டுக் கேட்டு, ஸ்வரப்படுத்தி எழுதிப் புத்தகமாக்கிக்கொண்டிருந்தார். குழந்தைகளுக்கான நாட்டுப்புறப் பாடல்கள் என்ற அவருடைய புத்தகம் 1948-இல் வெளிவந்தது. வேடிக்கையைப் பாருங்கள். பல நூறு மைல் தூரத்தில் பதிவான பாட்டுகள் கூடத்தில் ஒலிக்கின்றன. அதே மண்ணின் பாட்டுகளை விரல்நுனியில் வைத்திருக்கிறவர் அடுக்களையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறார். யாரும் கேட்கவில்லை; அவரும் சொல்லவில்லை.

ஒருநாள் சுவரில் மாட்டியிருந்த பெக்கியின் கிடாரை எடுத்து, தலைகீழாகப் பிடித்து, வாசித்துப் பார்த்தார். பெக்கி அதைக் கேட்டுவிட்டாள். அதற்குப் பிறகு வீட்டில் நடந்தது சுலபமாக ஊகிக்கக்கூடியது. "இன்னொன்று வாசியுங்கள், இன்னொன்று வாசியுங்கள்" என்று பிள்ளைகள் விடவில்லை. அந்தப் பிள்ளைகள் வைத்த செல்லப் பெயர்தான் 'லிபா'. நாற்பது வருஷத்துக்கு முந்தைய பாட்டுகள் ஒவ்வொன்றாக விரலுக்குத் திரும்பி வந்தன.

வண்டி போயிற்று, பெயர் நின்றுவிட்டது

1956-இல் பெக்கி இங்கிலாந்துக்குப் போனார். போன இடத்தில் லிபா சொல்லிக் கொடுத்த பாட்டையும் பாடினார். அப்போது அங்கே 'ஸ்கிஃபிள்' என்கிற பாட்டு மோகம் பற்றி எரிந்துகொண்டிருந்தது. ஒரு கிடார், துணி துவைக்கும் பலகை, தேயிலைப் பெட்டியில் கம்பு நட்டுக் கயிறு கட்டிய வாத்தியம். இவ்வளவு இருந்தால் போதும், தெருப் பையன்கள் குழு ஆரம்பித்துவிடுவார்கள். ஜான் லெனன் பள்ளிப் பருவத்தில் ஆரம்பித்த குழுகூட இந்த ரகம்தான்.

கூட்ஸ் வண்டிப் பாட்டு அந்த மோகத்தில் ஏறிக்கொண்டது. 1957-இல் சாஸ் மெக்டெவிட் குழுவும் நான்சி விஸ்கி என்ற பாடகியும் அதை இசைத்தட்டாக வெளியிட்டார்கள். பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் ஐந்தாம் இடம் வரை போயிற்று. இசைத்தட்டில் பாட்டை இயற்றியவர்கள் என்று வேறு இருவரின் பெயர் அச்சாகியிருந்தது. எலிசபெத் காட்டன் என்ற பெயர் இல்லை. வண்டி உலகம் பூராவும் ஓடியது. வண்டியைக் கட்டியவர் பிளாட்பாரத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

வாய்ப்பாட்டுக்கு ஏது சொந்தக்காரர் என்று சிலர் நினைத்துவிடுவார்கள். 'நாட்டுப்புறப் பாட்டு' என்று முத்திரை குத்திவிட்டால் 'யாரோ' பாடியது என்று ஆகிவிடும். 'யாரோ' பாடியதை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்றும் ஆகிவிடும். இந்த விஷயத்தில் சீகர் குடும்பத்தார் சும்மா இருக்கவில்லை. சட்டப்படி முயன்றதில் பாட்டின் உரிமையில் காட்டன் பெயரும் சேர்ந்தது. முழுசாகக் கிடைக்கவில்லை, பங்காகத்தான் கிடைத்தது. தான் பெற்ற பிள்ளைக்குத் தானும் ஒரு பங்கு தாய் என்று காகிதம் வாங்க வேண்டிய நிலைமை!

வீட்டுக்குள் பதிவான இசைத்தட்டு

பெயரை நிலைநாட்ட ஒரே வழி, அவரே பாடி அவர் பெயரிலேயே இசைத்தட்டு வருவதுதான். மைக் சீகர் டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு காட்டனின் வீட்டுக்கே போனார். ஸ்டூடியோ இல்லை, ஒன்றும் இல்லை. பேரப்பிள்ளைகள் சத்தம் போடாமல் சுற்றி உட்கார்ந்திருக்க, பாட்டி வாசித்தார், பாடினார். 'ஃபோக்வேஸ்' என்ற சிறிய நிறுவனம் 1958-இல் அதை வெளியிட்டது. அப்போது அவருக்கு வயது 65.

1960-இல் மைக் சீகரோடு சேர்ந்து முதல் பொது மேடை. எங்கே என்று நினைக்கிறீர்கள்? ஒரு கல்லூரியில்! பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள ஸ்வார்த்மோர் கல்லூரி. குவேக்கர் கிறிஸ்தவர்கள் 1864-இல் தொடங்கியது. பழைய நாட்டுப்புற இசையை மாணவர்கள் தேடித் தேடிக் கேட்க ஆரம்பித்திருந்த காலம் அது. ஒன்பது வயதில் பள்ளிக்கூடத்தை விட்ட பெண், சொந்த ஊர்ப் பல்கலைக்கழகத்துக்குள் மாணவியாக நுழையவே முடியாத பெண், 67 வயதில் ஒரு கல்லூரி மேடையில் கிடாரோடு உட்கார்ந்தார். இந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு 1964-இல் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழா. ஊர் ஊராகக் கச்சேரி. மேடை ஏறிவிட்டேன் என்று வீட்டு வேலையை உடனே விட்டுவிடவில்லை. பல வருஷம் இரண்டையும் பார்த்தார். கை தட்டலில் வாடகை கொடுக்க முடியாது அல்லவா? 1967-இல் 'ஷேக் சுகரீ' என்ற இசைத்தட்டு வந்தது. அந்தத் தலைப்புப் பாட்டு, வீட்டுக் குழந்தைகள் தூங்கப்போகும் நேரத்தில் ஆளுக்கொரு அடியாகச் சேர்த்தது. அதைப் பாடியது பன்னிரண்டு வயதுக் கொள்ளுப்பேத்தி பிரெண்டா எவன்ஸ். தானும் ஏறக்குறைய அந்த வயதில் பாட்டுக் கட்டியவர் அல்லவா, குழந்தை பாடட்டும் என்று கிடாரை மட்டும் வாசித்துக்கொண்டு பக்கத்தில் இருந்துவிட்டார்.

பாட்டில் வந்த வருமானத்தைச் சேர்த்து நியூயார்க் மாநிலத்தின் சிரகியூஸ் நகரத்தில் சொந்த வீடு வாங்கி, 1978-இல் குடிபோனார். அந்த ஊர் 1983-இல் ஒரு சிறு பூங்காவுக்கு அவர் பெயரை வைத்தது. 1984-இல் அரசாங்கத்தின் தேசியப் பாரம்பரியக் கலைஞர் விருது கிடைத்தது. 1985-இல் கிராமி விருது பெற்றபோது வயது 92. 1987 ஜூன் 29 அன்று காலமானார். தண்டவாளச் சத்தம் கேட்டு வளர்ந்த கார்பரோவில் இன்று ரயில் பாதையை ஒட்டி ஒரு சைக்கிள் பாதை இருக்கிறது. அதற்கு 'லிபா காட்டன்' என்று பெயர். 2022-இல் ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்திலும் அவர் பெயர் ஏறியது.

தானே கற்றவர் என்றால் தனியே வந்தவர் என்று பொருளா?

எலிசபெத் காட்டனைத் 'தானே கற்றவர்' என்று எல்லாப் புத்தகமும் சொல்கிறது. உண்மைதான். விரலுக்கு வித்தையை அவரே சொல்லிக் கொடுத்துக்கொண்டார். ஆனால் வித்தை மட்டும் ஒருவரை மேடைக்குக் கொண்டுவந்துவிடாது. பன்னிரண்டு வயதிலேயே அவரிடம் வித்தை இருந்தது. ஐம்பது வருஷம் ஒன்றும் நடக்கவில்லையே! கைக்கு எட்டும் சுவரில் ஒரு கிடார் வேண்டியிருந்தது. வேலைக்கார அம்மா எடுத்து வாசித்தால் "யாரைக் கேட்டு எடுத்தாய்?" என்று கேட்காமல், "இன்னொன்று வாசியுங்கள்" என்று சொல்லும் பிள்ளைகள் வேண்டியிருந்தது. டேப்பைத் தூக்கிக்கொண்டு வீடு தேடி வர ஒருவர் வேண்டியிருந்தது. பெயருக்காகச் சண்டை போட ஆள் வேண்டியிருந்தது. கேட்பதற்கு மாணவர்கள் வேண்டியிருந்தது.

அந்தச் சிறுமி அன்றைக்குக் கடையில் தொலைந்துபோகாமல் இருந்திருந்தால்? என் பேரன் சொன்ன 'யாரோ' என்ற பதில்தான் கடைசி வரை நின்றிருக்கும். அதைவிட, அந்தப் பாட்டே கார்பரோ தண்டவாளத்தோடு போயிருக்கும். எத்தனை பாட்டுகள் அப்படிப் போயினவோ!

நம் விடுதிப் பாட்டு

இப்போது நான் சொல்ல வந்த சங்கதிக்கு வருகிறேன்.

1971-லிருந்து 74 வரை விடுதியில் இருந்தவர்களுக்கு மெஸ் கொல்லைப்புறம் ஞாபகம் இருக்கும். விடியற்காலை நான்கு மணிக்கு அங்கே ஆட்டுக்கல் சத்தம் கேட்கும். மாவாட்டுகிற அண்ணன் பாடிக்கொண்டே ஆட்டுவார். சினிமாப் பாட்டு இல்லை. குழவி சுற்றுகிற தாளத்துக்கு அவரே கட்டின பாட்டு. ஒருநாள் மழையைப் பற்றி இருக்கும், ஒருநாள் ஊரிலே விட்டுவிட்டு வந்த மகளைப் பற்றி, ஒருநாள் வார்டனைப் பற்றி! பரீட்சைக்காக விழித்துக்கொண்டிருந்த நாங்கள் மாடியில் நின்று கேட்டுச் சிரித்திருக்கிறோம். வகுப்பில் நாட்டுப்புறப் பாடல்களின் சிறப்பு என்று பாடம் நடத்தினார்கள், நோட்ஸ் எடுத்தோம். அந்த நோட்ஸில் ஆட்டுக்கல் அண்ணன் இல்லை.

1973 விடுதி நாள் விழாவில் குழுப்பாட்டுப் போட்டி. எங்கள் பிளாக் பையன்கள் அந்த அண்ணன் மெட்டை எடுத்துக்கொண்டோம். வார்த்தையை மட்டும் மாற்றி, சாம்பாரைக் கிண்டல் பண்ணிப் பாடினோம். மண்டபம் அதிர்ந்தது. முதல் பரிசு. ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளர். அந்தப் பாட்டைத்தான் ஒவ்வொரு சந்திப்பிலும் இன்னும் பாடிக்கொண்டிருக்கிறோம். வேறு பிளாக்கில் இருந்தவர்களும் சேர்ந்துகொள்கிறார்கள். ஏறக்குறைய விடுதி கீதமே ஆகிவிட்டது.

மேடையில் அறிவிக்கச் சீட்டு எழுதிக் கொடுத்தவன் நான். 'பாடலும் மெட்டும்: எங்கள் பிளாக் மாணவர்கள்' என்று எழுதினேன். திருடுகிறோம் என்று அப்போது தோன்றவே இல்லை. அப்படித் தோன்றாததுதான் இப்போது உறுத்துகிறது. பாட்டு முடிந்து இறங்கி வந்தபோது அந்த அண்ணன் மேடைக்குப் பின்னால் காபி அண்டாவோடு நின்றுகொண்டிருந்தார். "நல்லா பாடினீங்க தம்பி" என்றார். சிரித்தாரா, இல்லையா என்று ஞாபகம் இல்லை. நான் காபியை வாங்கிக்கொண்டு போய்விட்டேன்.

மூன்று வருஷம் அவர் ஆட்டின மாவில் இட்லி சாப்பிட்டேன். அவர் பெயர் எனக்குத் தெரியாது. 'அண்ணே' என்றுதான் எல்லாரும் கூப்பிட்டோம். அந்தச் சொல்லில் மரியாதை இருந்தது, பெயர் இல்லை. அந்த வருஷ விடுதிக் குழுப் படம் என்னிடம் இருக்கிறது. வார்டன், துணை வார்டன், செயலாளர், மாணவர்கள் என்று எல்லார் பெயரும் கீழே அச்சாகியிருக்கிறது. கடைசி வரிசையில் வலது ஓரத்தில் தோளில் துண்டோடு ஒருவர் நிற்கிறார். அவருக்கு நேரே ஒன்றும் இல்லை.

நண்பர்களே, இந்தச் சந்திப்புக்கு அந்தப் படத்தை எடுத்து வருகிறேன். பதிவு மேசைப் பக்கத்தில் வைத்திருப்பேன். பெயர் தெரிந்தவர்கள், ஊர் தெரிந்தவர்கள், அவர் பிள்ளைகளைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள், ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். மெஸ்ஸில் வேலை பார்த்த பழைய ஆட்கள் யாராவது பக்கத்து ஊர்களில் இருந்தால் நானே போய் விசாரித்து வருகிறேன். பஸ் ஏற இன்னும் தெம்பு இருக்கிறது. பெயர் கிடைத்தால் அடுத்த மலரில் படத்தின் கீழே அச்சிடச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மலர்க்குழுவினரும் சரி என்றிருக்கிறார்கள்.

மாலையில் வழக்கம்போல அந்தப் பாட்டைப் பாடத்தான் போகிறோம். பாடுவோம், தாராளமாகப் பாடுவோம். இந்தத் தடவை ஆரம்பிப்பதற்கு முன்னால் மட்டும், மெட்டு யாருடையது என்று சொல்லிவிட்டுப் பாடுவோம். 1973-இல் தப்பாகச் சீட்டு எழுதினவனே எழுந்து நின்று அதைச் சொல்கிறேன்.

— வரலாற்றுத் துறை மாணவன், 1971–74